சத்தம் வராமல் இறங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கோடை விடுமுறை வந்துவிட்டால் சென்னையில் எந்த மைதானத்துக்கு வேண்டுமானாலும் காலையில் போய்ப் பாருங்கள், பிள்ளைகள் ரவுண்டு ஓடிக்கொண்டிருப்பார்கள். வாலிபால் கேம்ப் என்று சேர்த்திருப்பார்கள், ஆனால் ஓடி முடித்தால்தான் பந்து கைக்கு வரும். லேட்டாக வந்தவனுக்கு இன்னும் ஐந்து ரவுண்டு.

இதில் எனக்கு ரொம்ப நாளாகச் சண்டை உண்டு. வாலிபாலில் ஒரு பாயின்ட் எவ்வளவு நேரம் நடக்கிறது? பெரும்பாலும் பத்து வினாடிக்குள் முடிந்துவிடும். இரண்டு மூன்று எட்டு வைப்பது, ஒரு குதி, ஒரு அடி, அப்புறம் மூச்சு வாங்க நேரம். அதற்கு எதற்கு அரை மணி நேர ஓட்டம்? உடம்பு சூடாகிற அளவுக்கு ஓடினால் போதும். மிச்ச நேரத்தில் கீழே இறங்கக் கற்றுக்கொடுங்கள்.

ஆமாம், இறங்கத்தான். ஆண்களுக்கு நெட் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. அதற்கு மேல் கை போக வேண்டுமே என்று எல்லாருக்கும் கண் மேலேயே இருக்கிறது. குதித்தவன் எப்படி இறங்குகிறான் என்று யாரும் பார்ப்பதில்லை. தரையில் விழும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் காலில் ஏறுகிறது. அதுவும் நம் பள்ளிகளில் பல கோர்ட் சிமெண்ட்.

வடசென்னையில் நான் பயிற்சி கொடுத்த ஒரு பெண். அவள் அளவுக்குக் குதிக்க அந்த டீமில் ஆள் இல்லை. எனக்கு ஒரு பழக்கம் உண்டு, கோர்ட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சத்தத்தை மட்டும் கேட்பேன். இரண்டு காலும் சேர்ந்து இறங்கினால் மெதுவாக ஒரே சத்தம். அவள் ஸ்மாஷ் அடித்தால் இரண்டு சத்தம் வரும். தொம்... தப். வலது கையால் அடிப்பவர்கள் பலர் இப்படித்தான், இடது கால் முதலில் விழும், மொத்தப் பாரமும் அந்த ஒரு முழங்காலுக்கு. சொன்னால், "பாயின்ட் வந்துச்சே சார்!" என்பாள்.

பந்தை வாங்கி வைத்துவிட்டேன். படிக்கட்டின் முதல் படியிலிருந்து குதித்து இறங்கச் சொன்னேன். முன்பாதம் முதலில், உடனே குதிகால், முழங்காலும் இடுப்பும் மடங்க வேண்டும், முழங்கால்கள் உள்பக்கம் சாயக் கூடாது. பெண் பிள்ளைகளிடம் இந்தச் சாய்வு அதிகம், மூட்டுக்குள் இருக்கும் ஜவ்வு கிழிவதும் அவர்களுக்குத்தான் அதிகம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் செய்தாள். சில வாரத்தில் சத்தம் ஒன்றானது. ஆனால் களைத்துவிட்டால் பழைய தொம்-தப் திரும்பிவிடும். வந்ததும் நிறுத்திவிடுவேன், அன்றைக்குக் குதித்தது போதும்.

வீட்டில் கேட்கும் பெற்றோரே, பிள்ளை மாடிப்படியின் கடைசிப் படியிலிருந்து குதிக்கும்போது காது கொடுத்துப் பாருங்கள். திரும்பச் சொல்கிறேன், ஒரே சத்தம், மெதுவான சத்தம்.

வலுவுக்கு ஜிம் தேவையில்லை. தோப்புக்கரணம் போதும், நிதானமாக, முதுகை வளைக்காமல். ஒற்றைக் காலில் நின்று சுவரில் பந்தடித்துப் பிடிக்கட்டும், கணுக்காலுக்கு நல்லது. இந்த ஆட்டத்தில் அதிகம் சுளுக்குவது கணுக்கால்தான், நெட்டுக்கடியில் அடுத்தவன் காலை மிதித்து. மெரினா மணலில் குதிப்பது நல்லதுதான், இறங்கும்போது அடி குறைவு. ஆனால் மணலே பழகியவன் கட்டாந்தரைக்கு வந்தால் கால் தடுமாறும், அதனால் இரண்டும் வேண்டும். பதின்மூன்று, பதினான்கு வயதில் மளமளவென்று வளரும் பிள்ளைக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தால் "பழகிடும்" என்று சொல்லாதீர்கள். குதிப்பதைக் குறையுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

தோள்பட்டை பற்றி நிறையக் குறித்து வந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: ஸ்மாஷ் அடிக்கும் பிள்ளைக்குத் தண்டால் மட்டும் போதாது, ரப்பர் பட்டையைப் பின்னோக்கி இழுக்கும் பயிற்சியும் வேண்டும். மே மாதத்தில் ஒன்பது மணிக்கு மேல் வெயிலில் விடாதீர்கள், உப்புப் போட்ட மோர் கொடுத்தனுப்புங்கள். தூக்கம்... சரி, அது அடுத்த முறை. வணக்கம்.