பூச்சு பூசாத மாதா கோவில்

நேயர்களுக்கு வணக்கம்.

பாரிஸுக்குக் கிழக்கே லெ ரேன்சி என்று ஒரு புறநகர். முதல் உலகப் போர் முடிந்ததும் அங்குள்ள கத்தோலிக்கப் பங்குக்கு, அதாவது அந்த ஊர்க் கிறிஸ்தவச் சமூகத்துக்கு, பெரிய கோவில் ஒன்று தேவைப்பட்டது. போரில் உயிரிழந்தவர்களின் நினைவாகவும் அது நிற்க வேண்டும் என்று விரும்பினார்கள். 1914 செப்டம்பரில் பாரிஸ் டாக்சிகள் படைவீரர்களை 'ஊர்க்' என்ற ஆற்றின் போர்முனைக்கு ஏற்றிச் சென்றனவே, அந்த வீரர்களில் பலர் வண்டி ஏறியது இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். ஆசை பெரிது. ஆனால் கல்லில் கட்டப் பணம் இல்லை.

அப்போதுதான் ஓகுஸ்த் பெர்ரே வந்தார். கட்டடக் கலைஞர், சகோதரர்களோடு சொந்தமாகக் கட்டுமான நிறுவனமும் நடத்தியவர். முழுக் கோவிலையும் கான்கிரீட்டிலேயே கட்டினார். 1922-இல் வேலை தொடங்கியது, 1923 ஜூனில் கோவில் அர்ச்சிக்கப்பட்டது.

உள்ளே 28 தூண்கள், ஒவ்வொன்றும் சுமார் 11 மீட்டர் உயரம். அடியில் 43 சென்டிமீட்டர் விட்டம். மேலே போகப்போக 35-ஆகக் குறைகிறது. கூரை வளைவின் கனம் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர்தான். ஓரத்துத் தூண்கள் சுவரை ஒட்டாமல் தனியே நிற்கின்றன. கூரையின் பாரம் முழுவதும் தூண்கள்மேல். அதனால் சுவருக்குச் சுமக்க ஒன்றுமில்லை, சுவரே சன்னலாகிவிட்டது! வட்டம், சதுரம், முக்கோணம், சிலுவை என்று அச்சில் வார்த்த கான்கிரீட் சட்டங்களில் வண்ணக் கண்ணாடி பதித்தார்கள். உருவங்களை வரைந்தவர் மொரீஸ் தெனி; கண்ணாடி வேலை மார்கரித் உய்ரே என்ற பெண் கலைஞருடையது.

தூண்களை ஒரே சென்ட்ரிங் அச்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி வார்த்தார்கள். பூச்சு வேலை கிடையாது. பலகையின் தடம் கான்கிரீட்டில் அப்படியே தெரிகிறது. இன்று நம் ஊரில் சென்ட்ரிங் பிரித்ததும் முதல் வேலையாகப் பூசி மறைக்கிறோம். சிக்கனத்துக்காகப் பெர்ரே மறைக்காமல் விட்டதுதான் இந்தக் கோவிலுக்கு அழகு என்பேன். வெளியே அடுக்கடுக்காக ஏறும் கோபுரம் என்னை அவ்வளவாகக் கவரவில்லை. உள்ளே இருக்கும் எளிமை அதில் இல்லை.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. இந்தக் கோவிலைப் பின்பற்றி டோக்கியோவில் ஒரு பெண்கள் கல்லூரிக்குச் சிற்றாலயம் கட்டினார் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை வடிவமைத்தவரும் அவரே. அங்கும் கான்கிரீட் பூச்சில்லாமல்தான் நிற்கிறது.

சரி, குறையையும் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியை மூடும் கான்கிரீட் கனம் (கவரிங்) போதாமல் மெல்லியதாக வார்த்ததால் ஈரம் உள்ளே இறங்கியது. கம்பி துருப்பிடித்து ஊத, கான்கிரீட் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. 1966-இல் பிரெஞ்சு அரசு வரலாற்றுச் சின்னமாக அறிவித்த கட்டடம் இது. பின்னர் பெரிய அளவில் பழுது பார்க்க வேண்டியிருந்தது. இப்போதும் பங்கு மக்கள் அங்கேதான் திருப்பலிக்கு வருகிறார்கள்.

நன்றி, வணக்கம்.