144-இன் ஏணி
(பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு ஞாயிறு காலை பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் இதே மண்டபத்தில் சார்பியல் பற்றிப் பேசி முடித்ததும் ஒரு தம்பி என்னிடம் வந்து, போனில் ஒரு காணொளியைக் காட்டினார். "ஐயா, ஐன்ஸ்டீன் வேகத்துக்குச் சொன்னதை இப்போது அளவுக்கும் சொல்லிவிட்டார்களாமே! அண்டத்தில் உள்ளதே பிண்டத்திலும் என்று நம் சித்தர்கள் சொன்னது இதுதானே?" என்று கேட்டார். அவருக்கு அவசரத்தில் ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று கொண்டுவந்திருக்கிறேன்.

நம் தீவின் கடற்கரையை அளக்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குர்னி டிரைவிலிருந்து தெலுக் பஹாங் வரை. ஒரு கிலோமீட்டர் நீளக் கோலால் அளந்தால் ஒரு விடை வரும். ஒரு மீட்டர் கோலால் அளந்தால் பத்து ஃபெரிங்கியில் ஒவ்வொரு பாறையின் வளைவும் கணக்கில் சேர்ந்து நீளம் கூடும். சாண் அளவுக் கோல் என்றால் இன்னும் கூடும். கணிதவியலாளர் மண்டெல்பிரோ 1967இல் பிரிட்டன் கடற்கரையை வைத்து இதைத்தான் விளக்கினார். எவ்வளவு நீளம் என்று கேட்டால், எந்தக் கோலால் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

பிரான்ஸ் நாட்டு வானியற்பியலாளர் லொரான் நொத்தால் இந்த இடத்திலிருந்து ஒரு பெரிய தாவல் தாவினார். இயக்கத்துக்குத் தனி முழுமை இல்லை, யாரைச் சார்ந்து என்று சொல்ல வேண்டும் என்பது ஐன்ஸ்டீனின் சார்பியல். அளவுக்கும் அப்படியே, எந்த நுணுக்கத்தில் பார்க்கிறோம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றார் நொத்தால். வெளியும் காலமுமே அந்தக் கடற்கரை போல மடிப்புக்குள் மடிப்பானவை. ஒளியின் வேகத்தை எட்ட முடியாதது போல, பிளாங்க் நீளத்துக்குக் கீழே போக முடியாது. மீட்டரில் சொன்னால் தசமப் புள்ளிக்குப் பிறகு 34 சுழியம் போட்டு 16 எழுத வேண்டிய நீளம் அது. இதை வைத்து, அணு உலகின் நடப்பைச் சொல்லும் குவாண்டம் சமன்பாட்டையே வருவிக்கலாம் என்று 1993இல் ஒரு நூலும் எழுதினார். அழகான கருத்து. முதலில் படித்தபோது எனக்கும் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அண்டமும் பிண்டமும் ஒன்று என்பதை மட்டும் இதோடு முடிச்சுப் போட வேண்டாம். இயற்கையில் பெரியது சிறியதன் நகல் அல்ல. கலிலியோ 1638லேயே இதைக் காட்டிவிட்டார். ஓர் எறும்பை நீள அகல உயரம் மூன்றிலும் 10 மடங்கு பெருக்கினால் எடை 1000 மடங்காகும். அதைத் தாங்கும் காலின் குறுக்குப் பரப்போ 100 மடங்குதான். அதனால்தான் யானைக்கு எறும்பின் கால் இல்லை. அணுவுக்கென்று ஓர் அளவு இருக்கிறது. அதை இஷ்டத்துக்கு நீட்டவும் குறுக்கவும் முடியாது. சித்தர் வாக்கை நான் மதிக்கிறேன். அது மனிதன் தன்னைத் தேடிய தேடல். அதை இயற்பியலுக்குச் சாட்சியாக நிறுத்தினால் இரண்டுக்குமே மரியாதை இல்லை.

சரி, கோள்களுக்கு வருவோம். கோள்களின் வேகமும் ஏணிப் படிகள் போலப் படிப்படியாகத்தான் வரும் என்கிறது நொத்தாலின் கொள்கை. அதற்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுவது இதுதான். நொடிக்கு 144 கிலோமீட்டர் என்று ஒரு வேகத்தை எடுத்துக்கொண்டு 3, 4, 5, 6 என்று வகுத்தால் 48, 36, 28.8, 24 வருகிறது. புதனின் சுற்று வேகம் 47.9, வெள்ளி 35.0, பூமி 29.8, செவ்வாய் 24.1. பார்த்ததும் மெய்சிலிர்க்கும்.

நான் ஒரு காரியம் செய்தேன். 144ஐ எடுத்துவிட்டு 240ஐப் போட்டேன். அதற்கு எந்தக் காரணமும் கிடையாது, மனத்துக்குத் தோன்றிய எண். 5ஆல் வகுத்தால் 48, 7ஆல் 34.3, 8ஆல் 30, 10ஆல் 24. ஒப்பிட்டுப் பாருங்கள், 144ஐவிட நன்றாகவே பொருந்துகிறது. என் ஏணியில் 6ஆம் படியும் 9ஆம் படியும் காலி என்பது உண்மைதான். நொத்தாலின் படிகள் நான்கும் அடுத்தடுத்து வருகின்றன. அதை அவர் பக்கத்து வலுவாக நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவருடைய ஏணியிலும் 1, 2 காலி. வெளிக்கோள்களுக்கோ வேறொரு ஏணி வைக்கிறார்கள். மேலே போகப் போகப் படிகள் நெருங்கிவிடும், எங்கே கால் வைத்தாலும் ஏதோ ஒரு படி கிடைக்கும். வியாழனின் 13.1ஐ எடுங்கள். 144ஐ 11ஆல் வகுத்தாலே போதும், அந்த முதல் ஏணியிலேயே அச்சாக உட்கார்ந்துவிடுகிறது!

வானியல் ஒருமுறை இப்படி ஏமாந்திருக்கிறது. டீட்டியஸ், போடே இருவர் பெயரால் வழங்கும் கோள் தூர விதியில் 1781இல் யுரேனஸ் பொருந்தியது, 1801இல் சீரிஸ் என்ற குறுங்கோள் பொருந்தியது. 1846இல் நெப்டியூன் வந்தது. பூமி சூரியன் தூரத்தைப் போல் 39 மடங்கு என்றது விதி. நெப்டியூன் இருந்ததோ 30இல்.

இப்போது ஐன்ஸ்டீன் எப்படி நின்றார் என்று பாருங்கள். 1929 மே 9 அன்று முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் வட சுமத்ராவைக் கடந்து, கடாரம் என்று நாம் பெருமையோடு சொல்லும் கெடாவின் மேல் போனது. நீரிணைக்கு அந்தப் பக்கம் அச்சேயின் தக்கெங்கோனில் வானியலாளர் ஃப்ராய்ண்ட்லிக் தலைமையில் ஜெர்மானியக் குழு காத்திருந்தது. சூரியனை உரசி வரும் விண்மீன் ஒளி 1.75 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு) வளைய வேண்டும் என்பது ஐன்ஸ்டீனின் கொள்கை. அவர்கள் அளந்து சொன்னது 2.24. அதற்கு ஏற்ப 1.75ஐத் திருகிக் கூட்ட அந்தக் கொள்கையில் திருகாணியே இல்லை. ஒன்று அளவீடு தவறு, இல்லையென்றால் கொள்கை போச்சு. பிற்பாடு ரேடியோ தொலைநோக்கிகள் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த பிழையோடு அளந்தன, நின்றது 1.75தான்.

தக்கெங்கோனில் பொருந்தாத எண் வந்தபோது மறைய இடமில்லாமல் நின்றதே, அந்த நிலைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 144க்கு அப்படி ஒரு நாள் வரவே வழியில்லை. உயிரினப் பரிணாமம், பொருளாதாரம் வரை இந்த ஏணியின் உறவினர்களைக் கொண்டுபோய்ச் சாத்தியபோது என் சந்தேகம் இன்னும் கூடியது.

அளவைத் தொட்ட எல்லோரையும் நான் தள்ளிவிடுகிறேன் என்று நினைக்காதீர்கள். 1918இல் கணிதவியலாளர் ஹெர்மன் வைல் நீளமே இடத்துக்கு இடம் மாறலாம் என்று ஒரு கொள்கை எழுதினார். ஐன்ஸ்டீன் அதை மேதையின் வேலை என்று புகழ்ந்தார், உடனே ஒரு கேள்வியும் கேட்டார். அப்படியானால் வேறு வேறு பாதையில் வந்த இரண்டு சோடியம் அணுக்கள் வேறு வேறு நிறத்தில் ஒளிர வேண்டுமே? எந்த விண்மீனிலும் சோடியத்தின் நிறமாலைக் கோடு அதே இடத்தில்தானே இருக்கிறது? அந்தக் கேள்வியை வைலின் கொள்கை தாங்கவில்லை. ஆனால் அவர் கணக்கைத் தூக்கிப் போடவில்லை. நீளத்தை விட்டுவிட்டு, குவாண்டம் அலையின் கட்டத்துக்கு, அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எங்கே நிற்கிறது என்பதற்கு, அதே கணக்கைப் பொருத்தினார். இன்றைய துகள் இயற்பியல் அதன்மேல்தான் நிற்கிறது. அதுவும் 1929தான், கெடாவின் மேல் நிழல் போன அதே வருஷம்.

தம்பி இன்று வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில் பார்த்தேன். தேநீர் வேளையில் நான்கு கோள்களின் வேகத்தையும் ஒரு தாளில் எழுதித் தருகிறேன். உங்களுக்குப் பிடித்த எண் ஒன்றைச் சொல்லுங்கள் தம்பி, இரண்டு பேரும் வகுத்துப் பார்ப்போம்.