முதல் பத்து கிலோமீட்டர்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் பயிற்சியாளரிடம் அதிகம் கேட்பது கடைசிப் பத்து கிலோமீட்டரைப் பற்றித்தான். முப்பது கிலோமீட்டர் வரை நன்றாக ஓடினேன், அதற்குப் பிறகு கால்கள் நகர மறுத்துவிட்டன, அதைச் சரிசெய்ய என்ன பயிற்சி செய்யலாம் என்பார்கள். வயது, உடல்வாகு, அனுபவம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். இந்தக் கேள்வி மாறாது. அவர்களிடம் நான் முதலில் வாங்கிப் பார்ப்பது முதல் பத்து கிலோமீட்டரின் நேரக் குறிப்பை. பெரும்பாலும் விடை அதிலேயே இருக்கும். கடைசியில் நின்றுபோன கால்களுக்கான காரணம், ஓட்டம் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்திலேயே உருவாகிவிட்டிருக்கும்.

மாரத்தானின் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். ஓடும்போது நம் உடல், எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவழிக்கிறது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு முழு ஓட்டத்துக்கும் 2,500 கலோரி அளவில் தேவைப்படும். மாவுச்சத்து நம் உடலில் கிளைகோஜனாகத் தசைகளிலும் ஈரலிலும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக ஓய்வெடுத்து வந்த ஓட்டக்காரரிடம்கூட அந்தக் கையிருப்பு பொதுவாக 2,000 கலோரியைச் சுற்றித்தான் இருக்கும். மீதியைக் கொழுப்பு தர வேண்டும். கொழுப்பு எவ்வளவு ஒல்லியானவரிடமும் தாராளமாக இருக்கிறது. ஆனால் அது மெதுவாகத்தான் ஆற்றலைத் தரும். அதே அளவு ஆற்றலுக்குக் கூடுதல் பிராணவாயுவையும் கேட்கும். அதனால் வேகம் கூடக்கூட உடல் கொழுப்பை ஒதுக்கிவிட்டுக் கிளைகோஜனையே அதிகம் எரிக்கிறது.

இதைப் புரிந்துகொண்டால், தொடக்கத்தில் காட்டும் அவசரத்துக்கு ஏன் இவ்வளவு பெரிய விலை கொடுக்க நேர்கிறது என்பது விளங்கும். கிலோமீட்டருக்குப் பத்துப் பதினைந்து விநாடி கூடுதல் வேகம், ஓடும்போது நமக்குத் தெரியவே தெரியாது. ஆனால் எரிபொருள் கலவை மாறிவிடுகிறது. முப்பத்தைந்தாம் கிலோமீட்டர் வரை வரவேண்டிய கிளைகோஜன் இருபத்தெட்டிலோ முப்பதிலோ தீர்ந்துபோகிறது. ஓட்டக்காரர்கள் சுவரில் மோதுவது என்று சொல்வது இதைத்தான். மூளையும் குளுக்கோஸை நம்பியிருப்பதால், அந்த நேரத்தில் கால்களோடு மனமும் சேர்ந்து தளர்கிறது. ஓட்டத்தை விட்டுவிடலாம் என்ற எண்ணம் அந்தக் கட்டத்தில் வந்தால், அது உங்கள் மன உறுதியின் குறை அல்ல. உடலின் வேதியியல் பேசுகிறது.

முதலில் கொஞ்சம் நேரத்தைச் சேமித்து வைத்துக்கொள்கிறேன், கடைசியில் மெதுவாக ஓடினாலும் ஈடுகட்டிவிடும் என்று பலர் திட்டமிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு மணி நேரத்தில் முடிக்க நினைப்பவர் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி ஓட வேண்டும். முதல் பத்து கிலோமீட்டரில் ஒவ்வொன்றிலும் 15 விநாடி சேமித்தால் மொத்தச் சேமிப்பு இரண்டரை நிமிடம். சுவரில் மோதியவர் கடைசிப் பத்து கிலோமீட்டரில் ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் இழப்பது மிகச் சாதாரணம். நடக்கத் தொடங்கிவிட்டால் மூன்று நிமிடம்கூடப் போகும். ஒரு நிமிடம் என்றே வைத்துக்கொண்டாலும் இழப்பு பத்து நிமிடம். இரண்டரை நிமிடத்தை வாங்குவதற்குப் பத்து நிமிடத்தைக் கொடுத்திருக்கிறார்.

உலகின் மிகச் சிறந்த ஓட்டக்காரர்கள் இதை எப்படிக் கையாள்கிறார்கள்? 2003ஆம் ஆண்டு லண்டனில் பவுலா ராட்க்ளிஃப் 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் உலக சாதனை படைத்தபோது, முதல் பாதியை 68 நிமிடம் 2 விநாடியிலும் இரண்டாம் பாதியை 67 நிமிடம் 23 விநாடியிலும் ஓடினார். 2018இல் பெர்லினில் எலியுட் கிப்சோகே ஓடிய முதல் பாதி 61 நிமிடம் 6 விநாடி. இரண்டாம் பாதி 60 நிமிடம் 33 விநாடி. 2023இல் சிகாகோவில் கெல்வின் கிப்டம் 2 மணி 35 விநாடியில் ஓடி முடித்தபோதும் இரண்டாம் பாதியே ஒரு நிமிடம் வேகமானது. அதே கிப்சோகே 2022இல் பெர்லினில் முதல் பாதியை 59 நிமிடம் 51 விநாடியில் துணிச்சலாக ஓடினார். அப்போதும் சாதனை படைத்தார், ஆனால் இரண்டாம் பாதியில் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. உச்சத்தில் இருக்கும் ஒருவருக்கு அது ஒன்றரை நிமிடம். வேலைக்குப் போய்க்கொண்டு, குடும்பத்தைக் கவனித்துக்கொண்டு, கிடைத்த நேரத்தில் பயிற்சி செய்யும் நம்மைப் போன்றவர்களுக்கு அது இருபது நிமிடமாக வளர்ந்துவிடுகிறது.

இவ்வளவு தெரிந்த பிறகும் மக்கள் ஏன் வேகமாகத் தொடங்குகிறார்கள்? பேராசை என்று எளிதாகச் சொல்லிவிடலாம்; அது நியாயமான பதில் அல்ல. போட்டி நாளன்று சரியான வேகம் தவறான வேகமாகவே தோன்றும். அதுதான் உண்மையான சிக்கல். போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் பயிற்சியைக் குறைத்திருப்பீர்கள். கால்கள் மாதக்கணக்கில் இல்லாத புத்துணர்ச்சியோடு இருக்கும். தசைகளில் கிளைகோஜன் நிரம்பியிருக்கும். சுற்றிலும் கூட்டம், கைதட்டல், இதயத்தில் படபடப்பு. பயிற்சியில் கடினமாக உணர்ந்த அதே வேகம் அன்று நடைபோல இருக்கும். அப்போது நம் உணர்வை நம்பினால் ஏமாந்துவிடுவோம். முதல் பத்து கிலோமீட்டரில், இவ்வளவு மெதுவாகவா போகிறோம் என்ற சங்கடம் உங்களுக்கு வர வேண்டும். அது வரவில்லை என்றால் கவலைப்படுங்கள்.

இன்னொரு காரணம், முழு எண்களின் மீது நமக்குள்ள பிடிப்பு. இலட்சக்கணக்கான மாரத்தான் முடிவு நேரங்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள், மூன்று மணி, மூன்றரை மணி, நான்கு மணி ஆகியவற்றுக்குச் சற்று முன்பாக ஓட்டக்காரர்கள் குவிந்திருப்பதைக் கண்டார்கள். முழு எண் ஊக்கம் தரும் என்பதற்கு அது சான்று. ஆனால் நான்கு மணி நேரம் என்பது அழகான எண் என்பதற்காக உங்கள் உடல் அதற்குத் தயாராக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 4 மணி 12 நிமிடத்துக்கான உடலோடு நான்கு மணி வேகத்தில் ஓடுபவர் 4 மணி 12 நிமிடத்திலும் முடிக்க மாட்டார். அவர் 4 மணி 35 நிமிடத்தில் நொண்டிக்கொண்டு வருவார். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் 4 மணி 12 நிமிடம் அவருக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது.

அப்படியானால் இலக்கை எங்கிருந்து எடுப்பது? அண்மையில் ஓடிய அரை மாரத்தான்தான் நம்பகமான அடிப்படை. பீட்டர் ரீகல் என்ற பொறியாளர் வகுத்த சூத்திரத்தை இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள். அதன்படி தூரம் இரட்டிப்பானால் நேரம் ஏறத்தாழ 2.08 மடங்கு ஆகும். இரண்டு மணி நேரத்தில் அரை மாரத்தான் ஓடுபவருக்கு முழு மாரத்தான் 4 மணி 10 நிமிடம். வாரந்தோறும் நிறைய தூரம் ஓடி உடலைப் பழக்கியவர்களுக்கு இது பொருந்தும். வாரத்துக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர் மட்டும் ஓடுபவர்களுக்கு இது நம்பிக்கை மிகுந்த கணக்கு. அவர்கள் இன்னும் பத்து நிமிடமாவது சேர்த்துக்கொள்வது நல்லது. முதல் மாரத்தான் என்றால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொறுமையைப் போட்டி நாளன்று காலையில் முடிவெடுத்துக் கொண்டுவந்துவிட முடியாது. அதற்கும் மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். வாரக் கடைசியின் லாங் ரன்னை, அதாவது நீண்ட தூரப் பயிற்சி ஓட்டத்தை, பலரும் வேகமாக ஓடிவிட்டு, எவ்வளவு களைத்தோம் என்பதை வைத்து அதன் பயனை அளக்கிறார்கள். அந்த ஓட்டத்தின் பெரும்பகுதி, பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியங்களில் பேசக்கூடிய வேகத்தில் இருக்க வேண்டும். பயிற்சிக் காலத்தின் பின்பாதியில், சில வாரங்கள் மட்டும், கடைசி எட்டு அல்லது பத்து கிலோமீட்டரைப் போட்டிக்குத் திட்டமிட்ட வேகத்துக்கு உயர்த்துங்கள். களைத்த கால்களில் அந்த வேகம் எப்படி இருக்கிறது என்பதை உடல் அப்போதுதான் கற்கிறது. அந்த எட்டு கிலோமீட்டரை ஓட முடியவில்லை என்றால், இலக்கைத் தளர்த்த இன்னும் வாரங்கள் இருக்கின்றன. போட்டியின் நடுவில் தெரிந்துகொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

இன்னொரு பயிற்சியையும் நான் வலியுறுத்துவது உண்டு. கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் மூன்று கிலோமீட்டர் ஓடுங்கள். என்ன வேகத்தில் ஓடினோம் என்று முதலில் ஊகியுங்கள், பிறகு பாருங்கள். தொடக்கத்தில் ஊகம் இருபது, முப்பது விநாடி தவறும். சில மாதங்களில் அது ஐந்து விநாடிக்குள் வந்துவிடும். மூச்சின் ஒலியிலிருந்தும் பாதம் தரையில் படும் தாளத்திலிருந்தும் வேகத்தை அறியும் இந்தத் திறன், எந்தக் கருவியையும்விட நம்பகமானது.

கருவி என்றதும் ஒன்றை விளக்க வேண்டும். போட்டிப் பாதையை, அளவி பொருத்திய மிதிவண்டியால், ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளக்கிறார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவும் சேர்க்கிறார்கள். நாம் வளைவுகளில் அகன்று ஓடுகிறோம், கூட்டத்தை விலக்கி ஓடுகிறோம். அதனால் முடிவுக் கோட்டில் ஜிபிஎஸ் கடிகாரம் 42.6 கிலோமீட்டர் காட்டுவது வியப்பல்ல. கடிகாரம் காட்டும் 5 நிமிடம் 41 விநாடியை நம்பி ஓடியவர் நான்கு மணி நேரத்தை இரண்டு நிமிடத்துக்கு மேல் தவறவிடுவார். அவருக்கு வேண்டியது கடிகாரத்தில் 5 நிமிடம் 38 விநாடி. சாலையோரத்துக் கிலோமீட்டர் பலகைகளில் நேரத்தைச் சரிபார்ப்பது இன்னும் நல்லது.

தொடக்கக் கூட்ட நெரிசலில் ஒரு நிமிடம் போய்விட்டதே என்று இடம் வலமாகப் பாய்ந்து முந்தாதீர்கள். காலணியிலோ சட்டை எண்ணிலோ உள்ள சிப், நீங்கள் தொடக்கக் கோட்டைக் கடக்கும்போதுதான் உங்கள் நேரத்தைத் தொடங்குகிறது. கோட்டுக்குப் பிறகும் நெரிசல் இருந்தால், அந்த இழப்பை அடுத்த பதினைந்து கிலோமீட்டரில் சில விநாடிகளாகப் பிரித்து மீட்கலாம். ஏற்றம் வந்தால் வேகத்தை விட்டுவிட்டு மூச்சின் உழைப்பைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்.

வெயில் மட்டும் எந்தத் திட்டத்தையும் மதிக்காது. மாரத்தானுக்கு உகந்தது பத்து டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிர்ச்சி. வெப்பம் ஏறும்போது உடல் இரத்தத்தின் ஒரு பகுதியைத் தோலுக்கு அனுப்பி உடலைக் குளிர்விக்கிறது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. நீண்ட நேரம் வெயிலில் இருப்பதால் மெதுவாக ஓடுபவர்களே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். வெப்பமான காலையில் தொடக்கக் கோட்டிலேயே இலக்கை மாற்றிக்கொள்வது கோழைத்தனம் அல்ல. நான் அதை உயர்ந்த திறமையாகவே மதிக்கிறேன்.

உணவுக்கும் வேகத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடுத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். வேகமாகத் தொடங்கியவரின் வயிற்றுக்கு இரத்தம் குறைவாகப் போவதால், ஓடும்போது மாவுச்சத்துக்காக எடுத்துக்கொள்ளும் கூழ் போன்ற ஜெல் உள்ளே போனாலும் செரிக்காமல் குமட்டுகிறது. நிதானமாகத் தொடங்குபவர் முதல் முக்கால் மணி நேரத்துக்குள் முதல் ஜெல்லை எடுத்துவிடலாம். பசிக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

நடப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே, தொடக்கத்திலிருந்தே சில நிமிட ஓட்டம், சிறிது நடை என்று மாற்றி மாற்றிச் செல்லும் முறையைப் பரப்பினார். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும் பலருக்கு இது மிக நல்ல வழி. இதில் உயிரானது, களைப்பு வருவதற்கு முன்பே நடக்கத் தொடங்குவது. முப்பதாம் கிலோமீட்டரில் வேறு வழியில்லாமல் நடப்பது இதில் சேராது.

பெண்கள் ஆண்களைவிடச் சீரான வேகத்தில் மாரத்தானை முடிக்கிறார்கள் என்பது பெரிய போட்டிகளின் முடிவுகளை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. காரணத்தில் உடலியலும் இருக்கலாம், முடிவெடுக்கும் முறையும் இருக்கலாம். குழுவாக ஓடும்போது, உங்கள் இலக்கை ஒட்டிய இலக்குடைய ஒரு பெண் ஓட்டக்காரர் இருந்தால், முதல் பாதியை அவரோடு ஓடிப் பாருங்கள் என்று ஆண்களிடம் சொல்கிறேன். அறிவித்த நேரத்தில் முடிக்கும்படி வேகம் காட்டிக் கொடி பிடித்து ஓடும் பேஸரோடு போவதும் நல்லதே. ஆனால் அவர் முதல் சில கிலோமீட்டரில் அறிவித்த நேரத்தைவிட வேகமாகப் போனால், தயங்காமல் பின்தங்கிவிடுங்கள்.

இப்படி ஓடி முப்பத்திரண்டாம் கிலோமீட்டருக்கு வந்து சேர்ந்தால், அங்கே உங்களிடம் எஞ்சியிருப்பது ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டம். கால்கள் வலிக்கும், எவ்வளவு சரியாகத் திட்டமிட்டாலும் வலிக்கும். ஆனால் அந்த இடத்தில் நீங்கள் முந்திச் செல்பவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். வேகத்தை உடனே உயர்த்திவிடாதீர்கள். முப்பத்தாறு வரை அதே வேகத்தில் இருங்கள். அங்கே மூச்சு சீராக இருந்தால் கிலோமீட்டருக்கு ஐந்து விநாடி கூட்டுங்கள். நாற்பதைத் தாண்டிய பிறகு மிச்சமிருக்கும் எல்லாவற்றையும் செலவழித்துவிடலாம்.

உரையாற்ற அழைத்த வானொலி நிலையத்தாருக்கும், கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் என் நன்றி. வணக்கம்.