கையுறை, கசாப்புக் கடைப் போட்டி, பஞ்சு: பழைய பிரிட்டிஷ் ஏலியன் படங்கள் எப்படி பயமுறுத்தின?

(திரையில்: கருப்பு வெள்ளையில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் உட்புறம்)

1953 ஜூலை 18, சனிக்கிழமை. லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸ் ஸ்டுடியோல இருந்து பிபிசி ஒரு தொடரை ஆரம்பிக்குது: ‘த குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’. குவாட்டர்மாஸ்ங்கிறது கதையில வர்ற விஞ்ஞானியோட பேர். எழுதினவர் நைஜல் நீல், இயக்கினவர் ருடால்ஃப் கார்ட்டியர். ஆறு பகுதியும் நேரலை, ரீடேக் பேச்சுக்கே இடமில்லை. கடைசிப் பகுதியில, விண்வெளியில இருந்து ராக்கெட்ல ஒட்டிக்கிட்டு வந்த உயிர் வெஸ்ட்மின்ஸ்டர் அபேங்கிற லண்டன் தேவாலயத்துக்குள்ள படர்ந்து நிக்கணும்.

என்ன பண்ணாங்க? அபே போட்டோவைப் பெருசாக்கி, கை நுழையுற அளவுக்குக் கீறினாங்க. கையுறையில தோல் துண்டும் செடி கொடியும் ஒட்டினாங்க. நீலே போட்டோவுக்குப் பின்னால நின்னு, கையை உள்ள விட்டு அசைச்சார். அவ்வளவுதான் அரக்கன். இப்ப தேடினா கிடைக்காது. மானிட்டருக்கு முன்னால பிலிம் கேமராவை வெச்சு முதல் ரெண்டு பகுதியை மட்டும் பதிவு பண்ணாங்க. தரம் சரியில்லைன்னு அதோட விட்டுட்டாங்க.

ஹேமர்ங்கிற பிரிட்டிஷ் பட நிறுவனம் இதையே 1955-ல வால் கெஸ்ட் இயக்கத்துல படமா எடுத்துது. அப்ப பிரிட்டன்ல 16 வயசுக்குக் கீழ உள்ளவங்களை விடாத ‘எக்ஸ்’ சான்றிதழ் வந்து நாலு வருஷம்தான் ஆகுது. ஹேமர் அதையே விளம்பரமாக்கிட்டாங்க. தலைப்புல ‘எக்ஸ்பெரிமென்ட்’டோட முதல் எழுத்தையே வெட்டி, எக்ஸ்ல ஆரம்பிக்கிற மாதிரி போஸ்டர் போட்டாங்க.

(திரையில்: கோட்டுக்குள்ள மறைச்ச வலது கை, நெருக்கமாக)

ஹாலிவுட்ல அதே காலத்துல பறக்கும் இயந்திரங்கள் நகரத்தையே கொளுத்திக்கிட்டிருந்துது. ஹேமர்கிட்ட அதுக்குக் காசு இல்லை. அதனால படையெடுப்பை ஒரு ஆளோட உடம்புக்குள்ளயே வெச்சாங்க. மூணு பேர் போன ராக்கெட்ல கரூன் ஒருத்தன்தான் திரும்பி வர்றான். ஆஸ்பத்திரியில இருக்கிற கள்ளிச்செடியைக் கையால குத்துறான், கையும் செடியும் ஒண்ணாகுது. ரிச்சர்ட் வேர்ட்ஸ்வொர்த்துக்கு இதுல வசனம்னு கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லை. குழி விழுந்த கன்னம், இழுத்து இழுத்து நடக்குற நடை, கோட்டை விட்டு வெளிய வராத கை. மருந்துக்கடைக்காரர் அந்தக் கையைக் காட்டச் சொல்லும்போது நமக்கு வயித்தைக் கலக்கும். கடைசியில அபேல தெரியுற பிராணியை ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் கலைஞர் லெஸ் பௌவி, கசாப்புக் கடையில வாங்குற போட்டியையும் (இரைப்பைக் கறி) ரப்பரையும் வெச்சு செஞ்சார். கெட்டிக்கார வேலைதான். ஆனா கோட்டுக்குள்ள இருந்த கை தந்த பயத்துல பாதிகூட அது தரலை.

காட்டினா பயம் குறையும்ங்கிறதுக்கு இன்னும் பச்சையான உதாரணம் 1958-ல வந்த ‘த ட்ரோலன்பெர்க் டெரர்’. மலை மேல நகராத மேகம், அதுக்குள்ள ஏதோ இருக்கு. மலையோட போட்டோவுல பஞ்சை ஆணியடிச்சதுதான் அந்த மேகம். இதுவும் பௌவி கைவேலை. மேகம் மேகமா இருக்கிறவரைக்கும் படம் நல்லா ஓடுது. உள்ள இருந்து ஒத்தைக்கண் பிராணி வந்ததும் சிரிப்பு வந்துடுது.

1957-ல வந்த ‘குவாட்டர்மாஸ் 2’ செட்டுக்குச் செலவழிக்காம தப்பிச்ச விதம் அருமை. தேம்ஸ் முகத்துவாரத்துல இருக்கிற ஷெல் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் போய் எடுத்தாங்க. குழாய், கோபுரம், பெரிய குவிமாடம் எல்லாம் நிஜம். செயற்கை உணவு தயாரிக்கிற அரசாங்க ரகசிய ஆலைன்னு கதை. குவிமாடத்துக்குள்ள வளர்றது ஏலியன் பிராணிங்க. நம்ம காத்துல இருக்கிற ஆக்சிஜன் அதுகளுக்கு விஷம். அதனால தொழிலாளிங்க குழாய் வழியா ஆக்சிஜனை உள்ள அனுப்புறாங்க. திடீர்னு குழாய் அடைச்சுக்குது. கேமரா மேல போகுது, குழாயோட இணைப்புல இருந்து ரத்தம் சொட்டுது. எதை வெச்சு அடைச்சிருக்காங்கன்னு அப்பதான் புரியும். ஒரு சொட்டு ரத்தத்துக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்?

(திரையில்: பொன்னிற முடியோட வரிசையா நிக்கிற குழந்தைகள்)

வுல்ஃப் ரில்லா இயக்கின ‘வில்லேஜ் ஆஃப் த டாம்ட்’ 1960. ஜான் விண்டமோட நாவல். கண் ஒளிர முறைச்சே மத்தவங்களை ஆட்டிவைக்கிற விசித்திரக் குழந்தைங்க ஒரு கிராமத்துல பிறக்குற கதை. ஹெர்ட்ஃபோர்ட்ஷர்ல லெட்ச்மோர் ஹீத்ங்கிற ஊர்ல எடுத்தது. தலை பெருசாத் தெரிய விக்குக்குள்ள திணிப்பு வெச்சாங்க. கண் ஒளிர்றதுக்கு, முகம் இருக்கிற ஒரு பிரேமை அப்படியே உறைய வெச்சு, கருவிழி இருக்கிற இடத்துல வெள்ளை வளையத்தை மேல பதிச்சாங்க. ஓடுற காட்சியில இதைச் செஞ்சா, தலை இம்மி அசைஞ்சாலும் வளையம் கண்ணை விட்டு நழுவிடும். அதனால அசையுற ஷாட் சிலதுதான். உறைஞ்ச பிரேம்ல முடிகூட அசையாதே, மாட்டிக்கலையான்னு கேப்பீங்க. அந்தக் குழந்தைங்க படம் முழுக்கவே அசையாமத்தான் முறைக்குது! குறையே நடிப்பு மாதிரி ஆயிடுச்சு.

1967-ல ராய் வார்ட் பேக்கர் எடுத்த ‘குவாட்டர்மாஸ் அண்ட் த பிட்’ கலர் படம். ஹாப்ஸ் எண்ட் சுரங்க ரயில் நிலையத்துல தோண்டும்போது மண்டை ஓடுகள் கிடைக்குது, பின்னாடியே ஒரு கலம். ராணுவம் அதை ஜெர்மன் குண்டுன்னு சாதிக்குது. உள்ள செத்துக் கிடக்குற, செவ்வாய்க் கிரகத்துல இருந்து வந்த வெட்டுக்கிளி மாதிரி பிராணிங்க 50 லட்சம் வருஷம் முன்னாடியே நம்ம மூதாதைக் குரங்குகளை மாத்தியமைச்சிடுச்சுங்க. அதாவது படையெடுப்பு முடிஞ்சுபோச்சு, மிச்சம் நம்ம மூளைக்குள்ள இருக்கு. இதுலயும் சறுக்கல் அதே இடத்துலதான்: செவ்வாய்க் கூட்டத்தோட நினைவுகளைத் திரையில காட்டுற காட்சி, பொம்மைங்க குதிக்கிற மாதிரியே இருக்கு.

பார்க்குறவங்க 1967 படத்துல ஆரம்பிங்க. அதுல குவாட்டர்மாஸா வர்ற ஆண்ட்ரூ கீர் யோசிக்கிற விஞ்ஞானியாத் தெரிவார். முதல் ரெண்டு குவாட்டர்மாஸ் படத்துல அமெரிக்க நடிகர் பிரையன் டான்லெவி எல்லார் மேலயும் எரிஞ்சு விழுவார். நீலுக்கு அவரைப் பிடிக்கவே இல்லை. தேடும்போது அமெரிக்கத் தலைப்பையும் போட்டுப் பாருங்க. குவாட்டர்மாஸ் படம் மூணும் அங்க வேற பேர்ல வந்துது: ‘த க்ரீப்பிங் அன்நோன்’, ‘எனிமி ஃப்ரம் ஸ்பேஸ்’, ‘ஃபைவ் மில்லியன் இயர்ஸ் டு எர்த்’.