ஆமைக்குப் பாடம் எடுக்கும் பிள்ளைகள்

(தேசியக் கணித நாளை ஒட்டிக் கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, ஆயிரம் அலுவல்களுக்கு நடுவே வந்திருந்து கடைசிவரை இருப்பதாக வாக்குத் தந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, நாற்காலியும் ஒலிபெருக்கியும் தந்து உதவிய வர்த்தகர் சங்கச் செயலாளர் அவர்களே, மின்சாரம் போனாலும் கதவைச் சாத்தாமல் இந்த நூலகத்தைக் காத்துவரும் நூலகர் அவர்களே, பெற்றோர்களே, முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் என் பேரப்பிள்ளைகளே, அனைவருக்கும் மாலை வணக்கம். எனக்குப் பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்தீர்கள். இந்த வழக்கம் இந்த ஊரில் நிலைக்க வேண்டும்.

டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்த நாள். 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். 2012 முதல் நாடே அந்த நாளைக் கணித நாளாகக் கொண்டாடுகிறது. காகிதம் வாங்க வசதி இல்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையாலேயே அழித்து, மறுபடி போட்டவர் அவர். போட்டு, பார்த்து, அழித்து, மறுபடி போடும் உரிமை சிலேட்டில் இருந்தது. இன்று நம் பிள்ளைகளுக்குக் கணினித்திரை அப்படி ஒரு சிலேட்டாக வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

மூன்று செய்திகளைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். பிள்ளைகள் கணினியில் கணக்கை எப்படிக் கற்க வேண்டும் என்பது ஒன்று. அதற்குத் தமிழில் என்ன இருக்கிறது என்பது இரண்டு. தேர்வை நினைத்துப் பயப்படும் பெற்றோருக்கு என்ன பதில் என்பது மூன்று. என்னிடம் படித்தவர்களுக்கு நான் எங்கே போனாலும் எந்தப் பழமொழியோடு போவேன் என்று தெரியும். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். கணக்கும் கைப்பழக்கம்தான் ஐயா. கண்ணால் பார்த்து யாரும் கணக்குக் கற்றதில்லை.

இப்போது வீட்டுக்கு வீடு கைபேசியில் கணக்குச் செயலி இருக்கிறது. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்கும். பிள்ளை 56-ஐத் தொட்டால் நட்சத்திரம் விழும், கைதட்டல் கேட்கும். 54-ஐத் தொட்டால் ஒரு கட்டைக் குரல். அவ்வளவுதான். வினாத்தாளுக்கு வண்ணம் பூசியிருக்கிறார்கள். அங்கே கேள்வி கேட்பது கணினி, பயந்து பதில் சொல்வது பிள்ளை. இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும். பிள்ளை கட்டளையிட வேண்டும், கணினி கீழ்ப்படிய வேண்டும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. சீமோர் பேப்பர்ட் என்ற கணித அறிஞர் 1928-இல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியாவில் பிறந்தவர். ஜெனீவாவில் குழந்தை உளவியல் அறிஞர் பியாஜேயிடம் இருந்து, குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று கவனித்தவர். அவரும் வாலி ஃபொயர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோரும் சேர்ந்து 1967-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 'லோகோ' என்ற கணினி மொழியைப் பிள்ளைகளுக்கென்றே உருவாக்கினார்கள். பெரியவர்களே கணினியைக் கண்ணால் பார்க்காத காலம் அது. சில ஆண்டுகளில் அதில் ஓர் ஆமை வந்து சேர்ந்தது. முதலில் தரையில் ஊர்கிற இயந்திர ஆமை, பிறகு திரையில் ஊர்கிற ஆமை. முன்னே போ என்றால் போகும், திரும்பு என்றால் திரும்பும், போகிற வழியெல்லாம் கோடு போடும். வேறு எதுவும் அதற்குத் தெரியாது. எதுவும் தெரியாத ஒன்றுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகும்போதுதான் நமக்கு என்ன தெரியும் என்பது நமக்கே தெரியவரும்.

பேப்பர்டின் மாணவி ஈடித் ஹாரெல். 1980-களின் பிற்பகுதியில் பாஸ்டன் நகரத்தின் ஹென்னிகன் தொடக்கப் பள்ளியில் அவர் ஒரு காரியம் செய்தார். நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம், "உங்களைவிடச் சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னத்தைச் சொல்லித்தர ஒரு கணினிப் பாடம் செய்யுங்கள்" என்றார். பிள்ளைகள் மாதக்கணக்கில் செய்தார்கள். அன்றன்று செய்ததையும் செய்யப்போவதையும் குறிப்பேட்டில் எழுதினார்கள். ஒரு சிறுமி, பின்னம் என்றால் வட்டத்தைக் கூறு போட்டு வண்ணம் அடிப்பது என்றுதான் முதலில் நினைத்திருந்தாள். போகப் போக ஒரு வீட்டையே வரைந்து, அதில் கண்ட வடிவத்திலெல்லாம் பாதியைக் காட்டினாள். சின்னப் பிள்ளைக்குப் பாடம் செய்யப் போய், பின்னம் புத்தகத்தில் மட்டும் இல்லை என்று அவளே கண்டுகொண்டாள். வழக்கமான வகுப்பில் படித்தவர்களைவிட அந்தப் பிள்ளைகள் பின்னத்தில் நன்றாகத் தேறினார்கள். பின்னம் என்றாலே பின்வாங்கும் ஆறாம் வகுப்புகளை எத்தனை பார்த்திருக்கிறேன்! கல்வி அலுவலர் அவர்கள் இந்த ஒரு சோதனையை மட்டுமாவது மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்போது நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். பெற்றோர்களுக்காகவே இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. பழைய மடிக்கணினி ஒன்று. பைத்தான் என்ற கணினி மொழியில் அதே ஆமை உள்ளேயே இருக்கிறது, தனியாக வாங்க வேண்டியதில்லை. பைத்தான் 3-இல் கட்டளைக்கு நாமே தமிழில் பெயர் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பள்ளி ஆசிரியை முன்செல், வலம், இடம் என்று பெயர் வைத்திருந்தார். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி உட்கார்ந்தாள். முன்செல் 100, வலம் 90. இதை நான்கு முறை அடித்தாள். சதுரம் வந்தது. அடுத்தது முக்கோணம் என்றாள். சமபக்க முக்கோணத்துக்கு ஒவ்வொரு கோணமும் 60 என்று அவள் அக்கா புத்தகத்தில் பார்த்திருக்கிறாள். முன்செல் 100, வலம் 60, மூன்று முறை. முக்கோணம் வரவில்லை. பாதி அறுகோணம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பையன்கள் "கம்ப்யூட்டர் ரிப்பேர் மிஸ்" என்று கத்தினார்கள். ஆசிரியைக்கு விடை தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்கு அவருக்கு நல்லாசிரியர் விருது கொடுக்கலாம்.

அந்தப் பெண் எழுந்து வராந்தாவுக்குப் போனாள். நாலு எட்டு வைத்தாள், கொஞ்சம் திரும்பினாள், மறுபடி நாலு எட்டு வைத்தாள். சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற சத்துணவு ஆயா கேட்டார்: "என்னாடி இது, பேய் புடிச்ச மாதிரி சுத்துறே?" அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பேசாத ஆயா, நான் இப்ப ஆமை" என்றாள். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆயா சிரிக்கவில்லை. "ஆமையா இருந்தா இரு. எதுக்குச் சுத்துறே, அதச் சொல்லு."

"முக்கோணம் போடணும் ஆயா. கடைசியில கோடு ஒட்ட மாட்டேங்குது."

ஆயா தினமும் வாசலில் கோலம் போடுகிறவர். கரண்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு இறங்கி வந்தார். "கிளம்புன எடத்துக்கே வந்து சேரணும்ல? சேர்ந்தப்புறம் கிளம்பும்போது எந்தப் பக்கம் பாத்து நின்னியோ அந்தப் பக்கமே மொகம் இருக்கணும்ல? அப்ப மூணு திருப்பத்துல ஒரு முழுச் சுத்து சுத்தியிருக்கணும். நீ பாதிதானே சுத்துறே!"

முழுச் சுற்று 360. மூன்று திருப்பம். அவள் விரல் விட்டு எண்ணினாள், தரையில் எழுதிப் பார்த்தாள், உள்ளே ஓடினாள். வலம் 120. கோடு கோட்டோடு போய் ஒட்டியது. பிறகு அவளை யாரும் பிடிக்க முடியவில்லை. ஐந்து பக்கத்துக்கு 72, ஆறுக்கு 60. "மிஸ், அந்த 60 இங்கதான் வேணும்!" என்று ஒரு கத்தல். 36 முறை பத்துப் பத்தாகத் திருப்பினால் ஏறக்குறைய வட்டமே வந்துவிட்டது. ஐந்து முனை நட்சத்திரத்துக்கு 72 போட்டுப் பார்த்தாள், வரவில்லை. அதைப் பெருக்கிப் பார்த்து 144 போட்டாள், நட்சத்திரம் வந்தது. ஆமை இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறது என்று அவளே சொன்னாள். ஆயாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து திரையைக் காட்டினாள். அன்று அந்த ஊரில் சோறு கொஞ்சம் தாமதம்தான். யாரும் குறை சொல்லவில்லை.

சித்திரமும் கைப்பழக்கம் என்றேன் அல்லவா? முனையில் ஆமை திரும்பும் அளவுக்கு வெளிக்கோணம் என்று பெயர்; அந்த ஆயா அந்தப் பாடத்தைப் பள்ளியில் படித்தவர் அல்லர். அவர் கைக்கு அது தெரியும். தாம்பரம் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974-லேயே கோலத்தைக் கணினி இலக்கணத்தால் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். புள்ளி வைத்து இழுக்கும் கோலத்தில் விதி இருக்கிறது, அந்த விதியைக் கணினிக்கும் சொல்லலாம் என்று உலகுக்குக் காட்டினார்கள். மார்கழியில் நம் வீட்டு வாசலில் கிடப்பதைப் பிள்ளைகள் பாடப் புத்தகத்துக்கு வெளியே தேட வேண்டிய நிலை ஏன் வந்தது?

'ஸ்கிராட்ச்' என்று பிள்ளைகளுக்கான கணினி மொழி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் 2007-இல் வெளியிட்டது. திரையில் தெரியும் கட்டைகளை ஒன்றோடு ஒன்று பொருத்திக் கட்டளை எழுதலாம். அதில் ஒரு பூனை. திரையில் அது நடமாடும் மேடையின் நடுப்புள்ளி பூச்சியம், வலது ஓரம் 240, இடது ஓரம் மைனஸ் 240. மைனஸ் மூன்றிலிருந்து ஐந்தைக் கழி என்றால் கரும்பலகை முன்னால் முழிக்கிற பிள்ளை, பூனையை மைனஸ் முப்பதிலிருந்து இன்னும் ஐம்பது இடப்பக்கம் தள்ளு என்றால் தயங்காமல் மைனஸ் எண்பது என்கிறது. குறை எண் அதற்கு ஓர் இடமாகிவிட்டது. அதே பிள்ளை நண்பர்களுக்காக ஒரு விளையாட்டுச் செய்யும்: 1 முதல் 100-க்குள் கணினி ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளும், நாம் சொன்னால் பெரிது, சிறிது என்று சொல்லும். ஒவ்வொரு முறையும் நடுவில் வெட்டினால் ஏழு கேள்விக்குள் பிடித்துவிடலாம் என்பதை அந்தப் பிள்ளைதான் முதலில் கண்டுபிடிக்கும்.

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். தமிழில் ஒன்றும் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். முத்தையா அண்ணாமலை 2007-இல் தொடங்கி உருவாக்கிய 'எழில்' முழுக்கத் தமிழிலேயே நிரல் எழுதும் மொழி. நம் அரசுப் பாடநூல்களில், கல்வி அலுவலர் அவர்கள் மகிழ்ச்சியோடு தலையசைக்கிறார்கள், கணக்குப் பாடத்தில் 'இணையச் செயல்பாடு' என்று பகுதியே இருக்கிறது. அங்குள்ள விரைவுக் குறியீட்டை (கியூஆர் கோடு) வருடினால் ஜியோஜீப்ரா திறக்கும். ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் என்ற மாணவர் தொடங்கிய மென்பொருள் அது. முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுத்தால் கோணங்கள் மாறும், கூட்டுத்தொகை மட்டும் 180-ஐ விட்டு அசையாது. அந்தப் பக்கத்தைப் பாடநூலில் சேர்த்தவர்களுக்கு என் வணக்கம். ஆனால் அதை வருடிப் பார்க்கும் கருவி எந்தப் பிள்ளையின் கையில் இருக்கிறது? உயர்தொழில்நுட்ப ஆய்வகம் மேல்வகுப்புகளுக்கு இருக்கிறது. ஆமை வேண்டியது எட்டு வயதுப் பிள்ளைக்கு. அந்த வயதில் ஆங்கிலக் கட்டளையை எழுத்துக் கூட்டுவதிலேயே அதன் மூச்சுப் போய்விட்டால் கணக்குக்கு எங்கே போவது? செந்தமிழும் நாப்பழக்கம். நாவில் பழகிய மொழியில்தான் பிள்ளை ஆமையோடு பேச வேண்டும்.

ஆகவேதான் இந்த மேடையில் நான் நூலகத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. இந்திய நூலக அறிவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அதற்கு முன் அவர் யார்? மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். நம் மாநிலத்தின் பொது நூலகச் சட்டம் 1948-ஆம் ஆண்டுச் சட்டம், அதன் பின்னால் நின்றவரும் அவரே. அந்தச் சட்டத்தின்படிதான் சொத்து வரியோடு நாம் எல்லோரும் நூலக வரியும் கட்டுகிறோம். நம் பணம் இது. பள்ளி நான்கு மணிக்கு மூடும், கிளை நூலகம் மாலையிலும் திறந்திருக்கும். மதிப்பெண் இல்லை, வருகைப் பதிவு இல்லை, அரசுப் பள்ளிப் பிள்ளையும் மெட்ரிக் பள்ளிப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரலாம். கிளை நூலகம் ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் பகுதியில் ஒரு கணினி மேசை வேண்டும். பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்கள் மனுவை நேரிலேயே வாங்கிக்கொண்டார்கள். அடுத்த மன்றக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவருவதாகச் சொன்னதற்கு இந்த அவையின் சார்பில் நன்றி சொல்கிறேன்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். 2011 முதல் அரசு மேல்நிலை மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தது. அந்தப் பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். கணினி பரணில் கிடக்கிறது. பேட்டரி போயிருக்கும், போகட்டும், மின்சாரத்தில் நேராக ஓடும். யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருளை நிறுவினால் ஆமைக்கு அது தாராளம். பைத்தானும் ஸ்கிராட்ச்சும் காசில்லாமல் கிடைப்பவை, இணையமும் தேவையில்லை. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளிலேயே பல ஆண்டுகளாக நடக்கின்றன. நமக்கு மட்டும் என்ன தடை?

மூன்றாவது செய்தியாகத் தேர்வைப் பற்றிச் சொல்ல இருந்தேன். அடுத்துப் பிள்ளைகள் நாடகம் காத்திருக்கிறது, தலைவர் ஐயாவும் கடிகாரத்தைப் பார்க்கிறார். கவலைப்படும் பெற்றோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

வருகிற சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு இதே கூடத்தில் முதல் அமர்வு. நூலகர் அவர்கள் இரண்டு மேசைகளை ஒதுக்கியிருக்கிறார்கள், வர்த்தகர் சங்கச் செயலாளர் அவர்கள் மின் இணைப்புப் பலகை வாங்கித் தருகிறார்கள். மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அவர்கள் பதினோராம் வகுப்பிலிருந்து நான்கு மாணவிகளை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்காருவார்கள், விடையை மட்டும் சொல்லக் கூடாது. பரணில் மடிக்கணினி இருப்பவர்கள் சார்ஜரோடு எடுத்துவந்து நூலகரிடம் கொடுத்துப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். வீட்டில் கோலம் போடும் பாட்டிகள் இருந்தால் அவர்களையும் அழைத்துவாருங்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் தேவைப்படுவார்கள். நன்றி, வணக்கம்.