கதவுக்கு வெளியே நின்றவர்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பேறுகாலப் பராமரிப்பை மாற்றியது மருத்துவ நிறுவனங்களா, தாய்மார்களின் கூட்டு முயற்சியா என்பது தலைப்பு. நான் தாய்மார்கள் பக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ரத்தம் ஏற்றுவது, ஆண்டிபயாட்டிக், சிசேரியன் என்று வரிசையாக அடுக்கிவிட்டு, "இதில் எதை எந்த மகளிர் குழு கண்டுபிடித்தது?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார். நானும்தான் தட்டினேன். உயிர் காக்கும் மருந்துக்குத் தட்டாமல் வேறு எதற்குத் தட்டுவது? ஆனால் தலைப்பு கண்டுபிடித்தது யார் என்பதல்ல, மாற்றியது யார் என்பது.

செம்மல்வைஸ் என்ற டாக்டரின் கதையையும் பாதி சொன்னார், மீதியை நான் சொல்கிறேன். 1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். ஒன்றில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும், இன்னொன்றில் மருத்துவச்சிகள். டாக்டர்கள் பிரிவில் சராசரியாக நூற்றுக்குப் பத்துப் பேர் இறந்தார்கள், மருத்துவச்சிகள் பிரிவில் நாலு பேர். பிணம் அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வந்ததுதான் காரணம் என்று 1847இல் பிடித்துவிட்டார் மனுஷன். குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார், சாவு மளமளவென்று இறங்கியது. இதுவரை எதிரணி சொன்னது. சொல்லாமல் விட்டது என்ன தெரியுமா? அவருக்கு முன்னாலேயே அந்த ஊர்ப் பெண்களுக்கு விஷயம் தெரியும். "அந்தப் பிரிவில் மட்டும் சேர்க்காதீர்கள்" என்று மண்டியிட்டுக் கெஞ்சியிருக்கிறார்கள், செம்மல்வைஸே அதை எழுதி வைத்திருக்கிறார். காரணம் தெரியாது, ஆனால் எந்தக் கதவுக்குள் போனால் திரும்பி வரமாட்டோம் என்று தெரியும். அவர்கள் பேச்சை யார் கேட்டது? சரி, கண்டுபிடித்தவரையாவது மருத்துவ உலகம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டதா? ஓரங்கட்டியது. 1865இல் மனநலக் காப்பகத்தில் செத்துப்போனார். தங்கள் சாட்சியைத் தாங்களே துரத்திவிட்டு, இப்போது அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள்!

கதவு என்றதும் எனக்கு என் முதல் பிரசவம் ஞாபகம் வருகிறது. பெயர் வேண்டாம், ஒரு மருத்துவமனை. மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டார்கள், வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை, கையில் குளூக்கோஸ் ஊசி, எதிரே சுவரில் கடிகாரம். இடுப்பு பிளந்துபோகிற மாதிரி வலி வரும்போது ஒருக்களித்துப் படுத்தால் கொஞ்சம் தேவலை என்று உடம்பு சொல்கிறது, திரும்பினால் "அசையாதே" என்கிறார்கள். அம்மாவைக் கொஞ்சம் உள்ளே விடுங்கள் என்றேன். "இங்கே எல்லோரும் தனியாகத்தான் பெத்துக்கிறாங்க." அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் ஏழு மணி நேரம் நின்றிருக்கிறார். யார் மீதும் கோபமில்லை, அந்த நர்ஸ் ஒரே ஆளாக எட்டுப் பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கும் கால் வலித்திருக்கும். ஆனால் அம்மா என் கையைப் பிடித்திருந்தால் யாருக்கு என்ன குறைந்திருக்கும்? இதை ஆராய்ச்சியாகவே பார்த்திருக்கிறார்கள்: 26 ஆய்வுகள், 15,000க்கும் மேற்பட்ட பெண்கள், பக்கத்தில் ஆள் துணை இருந்தவர்களுக்குச் சிசேரியன் குறைகிறது, சுகப்பிரசவம் கூடுகிறது. 2018இல் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது: விரும்பிய துணை கூட இருக்கட்டும், விரும்பிய நிலையில் பெறட்டும், கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரியவில்லை என்பதற்காக மட்டும் அவசரப்பட்டு எதுவும் செய்யாதீர்கள் என்று.

உடனே எதிரணி, "பார்த்தீர்களா, சொன்னது நிறுவனம்தானே?" என்பார்கள். ஐயா, பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கர்ப்பிணிகள் வதைத் தடுப்புச் சங்கம் கேள்விப்பட்டதுண்டா? 1960இல் பிரிட்டனில் சாலி வில்லிங்டன் என்ற தாய், பிரசவத்துக்கு முன் மருத்துவமனையில் தான் பட்ட பாட்டைச் செய்தித்தாளுக்குக் கடிதமாக எழுதினார். எனக்கும் இப்படித்தான், எனக்கும் இப்படித்தான் என்று கடிதங்கள் குவிந்தன, அந்தப் பெயரிலேயே சங்கம் பிறந்தது. பிறகுதான் மகப்பேறு சேவை மேம்பாட்டுச் சங்கம் என்று கௌரவமான பெயர் வைத்துக்கொண்டார்கள், எனக்கென்னவோ பழைய பெயர்தான் பிடித்திருக்கிறது. இப்படிச் சமையலறை மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதியவர்கள் முப்பது வருஷம் விடாமல் நச்சரித்த பிறகுதான், 1993இல் அந்த நாட்டு அரசு அறிக்கை பிரசவத்தில் பெண்ணின் விருப்பம்தான் நடுவில் இருக்க வேண்டும் என்று எழுதியது.

எதிரணியில் தம்பி ஒருவர், "விருப்பம், தேர்வு எல்லாம் வசதியானவர்கள் பேச்சு" என்றார். நல்ல கேள்வி தம்பி. பேறுகாலப் பராமரிப்பில் என்ன வேண்டும் என்று 114 நாடுகளில் சுமார் 12 லட்சம் பெண்களிடம் கேட்டிருக்கிறார்கள். முதல் இடம் மரியாதையான கவனிப்புக்கு. இரண்டாவது தண்ணீர், கழிப்பறை, சுத்தம். கழிப்பறை கேட்பது வசதியானவர்கள் பேச்சா? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ரத்தம் கொட்டும்போது ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. போய்ச் சேரத்தான் வழி கேட்கிறோம்.

அந்த வழியை யார் போட்டார்கள்? நேபாளத்தில் மக்வான்பூர் மாவட்டம், மலை. 2001லிருந்து அங்கே ஒரு சோதனை செய்தார்கள், 2004இல் முடிவு வந்தது. சில பகுதிகளில் பெண்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசினார்கள், சில பகுதிகளில் அது கிடையாது. கூட்டம் நடத்தியவர் டாக்டரோ நர்ஸோ இல்லை, உள்ளூர்ப் பெண். கையில் படம் போட்ட அட்டைகள். யாருக்கு என்ன ஆனது, ஏன் ஆனது, அடுத்த தடவை என்ன செய்யலாம், இதுதான் பேச்சு. நடுவர் அவர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள்: மருத்துவ நிலையங்களை மேம்படுத்துகிற வேலை இரண்டு பக்கமும் நடந்தது. எதிரணி கேட்கும் எல்லாம் இரண்டு பக்கமும் உண்டு. வித்தியாசம் பெண்கள் கூடி உட்கார்ந்தது மட்டும்தான். கூடிய பக்கம் பிறந்த 1000 குழந்தைகளில் ஒரு மாதத்துக்குள் இறந்தது சுமார் 26, கூடாத பக்கம் சுமார் 37. தாய்மார்களில் கூடிய பக்கம் 2 பேர் இறந்தார்கள், கூடாத பக்கம் 11. இது சின்ன எண்ணிக்கை, இதை மட்டும் வைத்துக்கொண்டு நான் முழங்கமாட்டேன்.

ஆனால் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவசரத்துக்கு நிதி சேர்த்தார்கள். சோப்பு, புது பிளேடு, நூல் என்று பிரசவத்துக்கு வேண்டிய சுத்தமான பொருள்கள் வைத்த பொட்டலங்கள் தயார் செய்து கொடுத்தார்கள். மலையிலிருந்து கர்ப்பிணியைச் சுமந்து இறக்க ஸ்ட்ரெச்சர் ஏற்பாடு செய்தார்கள். எதிரணித் தலைவர் சொன்ன ரத்தமும் சிசேரியனும் மலைக்குக் கீழேதான் இருந்தன, யார் இல்லை என்றது? அந்த ஸ்ட்ரெச்சரைத் தூக்கியது எந்த நிறுவனம் என்று அடுத்துப் பேச வருபவர் சொல்லட்டும். மணி அடித்துவிட்டீர்கள், உட்காருகிறேன்.