முறையிட வழி இருந்ததா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

அமெரிக்க உளவு அமைப்பான தேசியப் பாதுகாப்பு முகமையின் (NSA) இரகசிய ஆவணங்களை 2013இல் பத்திரிகையாளர்களிடம் கொடுத்த எட்வர்ட் ஸ்னோடென் முறைகேட்டை அம்பலப்படுத்தியவரா, அரசின் இரகசியத்தைக் களவாடியவரா என்பதே இன்றைய வழக்கு. எதிரணித் தலைவர் தம் வாதம் முழுவதையும் ஒரே கேள்வியின் மேல் நிறுத்தினார்: குறை கண்டவர் மேலதிகாரிகளிடமோ அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் உளவுத்துறை மேற்பார்வைக் குழுக்களிடமோ முறையிடாமல், பத்திரிகையாளர்களிடம் ஏன் போனார்? நியாயமான கேள்விதான், ஆகவே அதற்கே விடை சொல்கிறேன்.

அதே தேசியப் பாதுகாப்பு முகமையில் உயர் பதவியில் இருந்த தாமஸ் டிரேக், எதிரணியினர் காட்டும் அத்தனை வழிகளிலும் முறையிட்டுப் பார்த்தவர். பயனில்லாமல் போகவே செய்தியாளர் ஒருவரிடம் பேசினார். 2010இல் அவர் மேல் 10 குற்றச்சாட்டுகள் பாய்ந்தன. மறு ஆண்டு அவையெல்லாம் கைவிடப்பட்டு, ஒரு சிறு குற்றத்தோடு வழக்கு முடிந்தது. ஸ்னோடெனோ ஒப்பந்த நிறுவன ஊழியர். முறையிடும் உளவுத்துறை ஊழியர்களைப் பழிவாங்கக் கூடாது என்று 2012இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையின் பாதுகாப்பு அவரைப் போன்றவர்களுக்கு அன்று இருக்கவில்லை.

சரி, நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். போனார்கள், நடுவர் அவர்களே! வெளிநாட்டுத் தொடர்புகளைக் கண்காணிக்க இடம் தரும் சட்டத்தை எதிர்த்து குடிமக்களின் உரிமைகளுக்காக வாதாடும் அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியத்தின் (ACLU) வழக்கறிஞர்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள். 2013 பிப்ரவரியில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவ்வழக்கு தள்ளுபடியானது. தாங்கள் கண்காணிக்கப்படுவதை வழக்குத் தொடுத்தவர்கள் நிறுவவில்லை என்பதே காரணம். கண்காணிப்பே இரகசியம் என்கிறபோது அதற்குரிய சான்றை எவர் கொண்டுவந்து கொடுப்பார்? அடுத்த மாதமே செனட்டர் ரான் வைடன், கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் தரவு திரட்டப்படுகிறதா என்று உளவுத்துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பரிடம் நேருக்கு நேர் கேட்டபோது, "இல்லை" என்று விடை வந்தது.

ஜூன் மாதம், வெரைசான் தொலைபேசி நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்களை நாள்தோறும் ஒப்படைக்க வேண்டும் என்று இரகசிய நீதிமன்றம் இட்ட ஆணை, ஸ்னோடென் வாயிலாக வெளிவந்தது. அதே குடிமை உரிமைகள் ஒன்றியம் மீண்டும் வழக்குத் தொடுத்தது; அது அந்நிறுவனத்தின் வாடிக்கையாளராகவும் இருந்ததால், இம்முறை எவரும் சான்று கேட்டு அதைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. 2015 மே மாதம், இந்த மொத்தத் திரட்டலுக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூனில் காங்கிரஸ் புதுச் சட்டம் இயற்றி அதை நிறுத்தியது. நாட்டைக் காத்த திட்டம் என்கிறார்களே, அதை ஆராய்ந்த அரசின் சொந்த மேற்பார்வை வாரியம், எந்தவொரு பயங்கரவாத விசாரணையின் முடிவிலும் அது குறிப்பிடத்தக்க மாற்றத்தை உண்டாக்கியதாகக் காணவில்லை என்று 2014 ஜனவரியிலேயே எழுதிவிட்டது.

வெளிநாட்டு உளவு பற்றிய ஆவணங்களும் அவர் எடுத்தவற்றில் இருந்தன என்பதை நான் மறைக்கவில்லை. என் அணியிலேயே அதை ஏற்காதவர்கள் உண்டு. ஆனால் அது அவர் செயலின் அளவைப் பற்றிய குறை. அவர் காட்டிய முறைகேட்டை அது இல்லாமல் ஆக்கிவிடாது. அவர் ரஷ்யாவில் தஞ்சமடைந்ததைச் சொல்லி ஏளனம் செய்தார்கள். அவர் மாஸ்கோ விமான நிலையத்தில் சிக்கிக்கொண்டது அமெரிக்கா கடவுச்சீட்டை ரத்து செய்ததனால்.

"துணிவிருந்தால் திரும்பி வந்து வழக்காடட்டும்" என்பது எதிரணியின் கடைசி அறைகூவல். அவர் மேல் சுமத்தப்பட்டிருப்பது 1917ஆம் ஆண்டின் உளவுச் சட்டம். பொதுநலனுக்காக வெளியிட்டேன் என்பதை அச்சட்டம் எதிர்வாதமாக ஏற்பதில்லை; ஏன் வெளியிட்டார் என்பதை நீதிமன்றத்தின் ஜூரி குழு எடைபோட அங்கே இடமில்லை. இந்த அவையில் அதற்கு இடமுண்டு. அதைக் கேட்டபின் தீர்ப்பளிக்குமாறு வேண்டி அமர்கிறேன்.